கலிபோர்னியாவில் மின்சார கார்: முதலில் பார்க்க வேண்டியது வீடு

கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்து சேரும் நம்மவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் கார் வாங்கியாக வேண்டியிருக்கிறது. 2024-இல் இங்கு விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று சார்ஜ் போட்டு ஓட்டும் வகை என்பதால், உடன் வேலை பார்ப்பவர்களும் அதையே வாங்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் கார் என்று தேடுவதற்கு முன்பே, அது இரவில் எங்கே நிற்கும், அங்கே சார்ஜ் போட வழி உண்டா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வெளியிலுள்ள வேகச் சார்ஜர்களை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, பெட்ரோலை விட்டு வந்ததன் லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

ஆகவே, அபார்ட்மெண்டுக்கு லீஸ் கையெழுத்திடும் முன்பே இதை விசாரிக்க வேண்டும். "சார்ஜிங் வசதி உண்டு" என்று விளம்பரத்தில் இருந்தால் அதோடு நின்றுவிடாமல், இரவு எட்டு மணிவாக்கில் அந்தப் பார்க்கிங்கை ஒருமுறை நேரில் சுற்றிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு இரண்டே சார்ஜர்கள் இருந்து, இரண்டிலும் கார்கள் நின்றுகொண்டிருந்தால், உங்கள் முறை எப்போது வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும். உங்களுக்கென ஒதுக்கிய இடத்தில் சாதாரண 120 வோல்ட் பிளக் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் மூன்று முதல் ஐந்து மைல் வரை ஓட்டத் தேவையான சார்ஜ் ஏறும். அப்படி இரவெல்லாம் ஏறுவது, ஃப்ரீமாண்டிலிருந்து சன்னிவேலுக்கு வேலைக்குப் போய்வரப் பெரும்பாலும் போதும். 240 வோல்ட் இணைப்பு இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 25 மைல் ஏறும்.

எந்த வசதியும் இல்லாத இடத்திலும் வாடகைதாரருக்கு ஓர் உரிமை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மாநில உரிமையியல் சட்டத்தின் 1947.6-ஆம் பிரிவின்படி, 2015 ஜூலை 1 முதல் கையெழுத்தான அல்லது புதுப்பிக்கப்பட்ட லீஸ்களில், தமக்குரிய பார்க்கிங் இடத்தில் சொந்தச் செலவில் சார்ஜர் பொருத்திக்கொள்ள வாடகைதாரர் எழுத்துமூலம் கேட்டு, சட்டத்தின் நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டால், உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். ஐந்துக்கும் குறைவான பார்க்கிங் இடங்கள் உள்ள கட்டடங்கள், ஏற்கெனவே பத்து சதவீத இடங்களுக்குச் சார்ஜர் வைத்திருப்பவை முதலிய சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஓரிரு வருடங்களில் வீடு மாறுவதாக இருந்தால் அவ்வளவு செலவு செய்வது வீண் என்பதே என் கருத்து.

மின் கட்டணத்தில் நேரம் முக்கியம். இங்குள்ள மின் விநியோக நிறுவனங்களில் ஒன்றான பிஜி அண்ட் இ, மின்சார கார் வைத்திருப்போருக்குத் தரும் இவி2-ஏ கட்டணத் திட்டத்தில் நள்ளிரவு முதல் பிற்பகல் 3 மணி வரை கட்டணம் குறைவு. மாலை 4 முதல் இரவு 9 வரை மிக அதிகம். வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் செருகிவிட்டாலும், நள்ளிரவுக்குப் பிறகே சார்ஜ் தொடங்குமாறு காரிலேயே நேரம் குறித்துவிடலாம்.

பழைய அறிவுரைகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். 7,500 டாலர் வரையிலான மத்திய அரசின் வரிச்சலுகையும், தனியாக ஓட்டிச் சென்றாலும் கார்பூல் பாதையில் (ஒன்றுக்கு மேற்பட்டவர் பயணிக்கும் கார்களுக்கான தனிப் பாதை) செல்ல உதவிய ஸ்டிக்கரும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டன. 2020-ஆம் ஆண்டு மாடல் முதலான முழு மின்சார கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது, ஆண்டுதோறும் 100 டாலருக்கு மேல் சாலை மேம்பாட்டுக் கட்டணமும் உண்டு.

நெடும்பயணத்துக்கு வருவோம். சான் ஹோசேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஏறத்தாழ 340 மைல்; ஐ-5 நெடுஞ்சாலையில் கோலிங்கா, கெட்டில்மன் சிட்டி ஆகிய இடங்களில் பெரிய சார்ஜிங் நிலையங்கள் உள்ளன. அங்கே சார்ஜரின் திரையைக் கவனியுங்கள்: சார்ஜ் ஏறும் வேகமாகத் தொடக்கத்தில் நூறு கிலோவாட்டுக்கு மேல் காட்டிய எண், பேட்டரி 80 சதவீதத்தை நெருங்க நெருங்க விறுவிறுவென இறங்கும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருப்பதைவிட, கிளம்பிப் போய் அடுத்த நிலையத்தில் மீண்டும் போட்டுக்கொள்வதே விரைவு. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில் இந்த நிலையங்களில் வரிசை நிற்கும். அந்த நாட்களில் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். டெஸ்லா அல்லாத கார் என்றால், டெஸ்லா சார்ஜர்களில் அதற்கு இடமுண்டா, எந்த அடாப்டர் வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டு, அடாப்டரைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.