பழைய ஸ்பீக்கர், வால்வு ஆம்ப்: கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

பழைய ஹை-ஃபை வாங்கப் போகிறவர்கள் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். மரப்பெட்டியில் கீறல் இல்லை, முகப்புத் துணி கிழியவில்லை, ஆம்பின் வால்வுகள் (சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்கள்) புதுசாக மினுங்குகின்றன என்றதும் விலை படிந்துவிடும். இதெல்லாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளக்கூடிய சங்கதி. வால்வு தேயும், கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) காயும், ஸ்பீக்கர் கோன் (ஆடி ஒலி எழுப்பும் கூம்பு) விளிம்பின் ஃபோம் வளையம் 15, 20 வருஷத்தில் தொட்டாலே உதிரும். மாற்றுக் கிடைக்காத சாமான்கள் வேறு: ஆம்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், மெயின் கரண்டை வாங்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும், ஸ்பீக்கரில் அந்த மாடலுக்கே உரிய கோனும் ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கான சின்ன யூனிட்). பேரம் பேசும்போது கண் இந்த நான்கின் மேல் இருக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில்

20 வருஷம் மூலையில் கிடந்த ஆம்பை, "ஓடுது பாருங்க" என்று விற்பவர் நேரே பிளக்கில் சொருகிக் காட்ட வருவார். வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். காய்ந்துபோன ஃபில்டர் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சீராக்குவது) ஷார்ட் ஆனால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களில் தங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு (எப்படி என்று கீழே இருக்கிறது), அவுட்புட் வால்வுகளைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். இஎல்34 என்ற அவுட்புட் வால்வின் சாக்கெட்டில் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் தகடு) 3-ஆம் பின். அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பி-பிளஸ் (வால்வுகளுக்கான உயர் வோல்டேஜ் டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம்) முனைக்குச் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை காட்டும். சேர்ந்து உழைக்கும் வால்வு ஜோடியின் இரு பக்கமும் ஒரே எண்ணைக் காட்டவில்லையே என்று பதற வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் வெளியே சுற்றிய பாதியில் கம்பி நீளம் அதிகம், அதனால் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்த சர்க்யூட் (எல்லையில்லா ஓம்) காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஸ்பீக்கரில் முகப்புத் துணியைக் கழற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். நடுமூடியைச் சுற்றி நான்கு விரலைச் சமமாக வைத்து வூஃபரை (பேஸ் தரும் பெரிய யூனிட்) மெல்ல உள்ளே அழுத்துங்கள். 'கரக்' என்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) மையம் விலகியிருக்கிறது, அல்லது தூக்கிவந்த அதிர்ச்சியில் காந்தமே நகர்ந்திருக்கிறது. பெட்டியின் பின்முனையில் மீட்டரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் 5.5 முதல் 7 ஓம் வரை, 4 ஓம் ஸ்பீக்கரில் 3 முதல் 3.5 வரை காட்டும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைப்பது இன்னொரு தவறு. ட்வீட்டருக்கு முன்னால் நிற்கும் கெபாசிட்டர் டிசியை விடாது. மீட்டருக்குத் தெரிவது வூஃபர் மட்டும்தான். ட்வீட்டரைச் சோதிக்க, சத்தத்தைக் குறைத்துப் பாட்டை ஓடவிட்டு அதன் அருகில் காதை வைப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

மூடிய பெட்டி வகை என்றால் ஒரு சோதனை கூடுதலாக உண்டு. எட்கர் வில்சூர் என்ற வடிவமைப்பாளர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கர் மூலம் கொண்டுவந்த முறை அது: பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். வூஃபரை அழுத்தி விட்டால் நிதானமாக மேலே வர வேண்டும். விருட்டென்று எகிறினால் எங்கோ காற்று கசிகிறது: கேஸ்கட், துணி விளிம்பு, முனைகளின் ஓட்டை, ஏதோ ஒன்று. பெட்டியில் காற்றுத் துளை உள்ள ரகங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

வாட் எண்ணை மட்டும் வைத்து ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஜோடி சேர்ப்பதும் வீண்செலவு. 300பி வகை ஒற்றை வால்வு ஆம்ப் சுமார் 8 வாட் தரும். அது ஸ்பீக்கரின் 1 வாட் அளவுக்கு மேல் 9 டெசிபல்தான். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போல 1 வாட்டுக்கு 82, 83 டெசிபலில் நிற்கும் ஸ்பீக்கரோடு அதைக் கட்டினால் ஒரு மீட்டரில் 92-ஐத் தாண்டாது. சின்ன அறையில் தனிக்குரலுக்குப் போதும், தவிலுக்குப் போதாது.

ஃபோம் மாற்றும்போது

எல்லா விளிம்பும் ஃபோம் இல்லை. 1970-இல் வந்த ஜேபிஎல் எல்100-இன் 12 அங்குல வூஃபருக்கு மடிப்பு மடிப்பாகப் பூச்சுத் துணிதான் விளிம்பு. அது பொடியாவதில்லை. "பழசு, மாற்றிவிடலாம்" என்று அதைக் கிழித்து ஃபோம் ஒட்டியவர்கள் நல்ல வூஃபரைத் தாங்களே கெடுத்தவர்கள்.

உண்மையிலேயே ஃபோம் பொடிந்திருந்தால், புது வளையத்தைச் சட்டத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கோனின் வெளிவிட்டத்தை அளந்து வாங்குங்கள். 12 அங்குலம் என்று பெயர் இருந்தாலும் கோன் அளவு மாடலுக்கு மாடல் மாறும். பழைய பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். காகிதக் கோனுக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும். கரைப்பான் கலந்த பசை சில பிளாஸ்டிக் கோன்களைத் தின்றுவிடும். சூப்பர் க்ளூ விறைத்துக்கொள்ளும். சிலிக்கானைப் பிறகு ஒருவராலும் எடுக்க முடியாது. முதலில் உள்விளிம்பைக் கோனோடு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். வெளிவிளிம்பை ஒட்டும்போது 20 முதல் 30 ஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் சன்னமாகக் கொடுத்து, கோன் உரசாமல் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே மையப்படுத்துங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் இரண்டாம் முறை ஃபோம் வாங்குகிறார்கள்.

திரும்ப மாட்டும்போது 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபருக்கு ஒரு கணம் தொட்டு, கோன் வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று குறித்துக்கொள்வது நல்ல வழக்கம். (ட்வீட்டரில் இதைச் செய்யக் கூடாது.) பழைய ஜேபிஎல் யூனிட்களில் சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும்; அந்தக் காலத்து அவர்கள் முறை அது. பழுது என்று நினைத்து ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும்.

கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) வகை. அந்த இடத்தில் பிளஸ் மைனஸ் உள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைப் போடக் கூடாது. ஃபிலிம் கெபாசிட்டர் போடலாம், நீடித்து உழைக்கும். ஆனால் பழையதற்குள் இருந்த சின்ன மின்தடை ஃபிலிமில் இல்லை, அதனால் ட்வீட்டர் தூக்கலாகி 'ஸ்ஸ்' ஒலிகள் காதைக் குத்தும். வரிசையில் 0.2 முதல் 0.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தால் பழைய குணம் பெரும்பாலும் திரும்பும். கிராஸ்ஓவரின் காயிலைத் தொடாதீர்கள், அது கெடுவது அபூர்வம். பெட்டிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் கையுறை, முகமூடி போட்டு எடுத்து, எடுத்த அளவே திரும்ப வையுங்கள்.

ஆம்பைத் திறந்தால்

உள்ளே 400, 500 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஃபில்டர் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்வது ஆபத்தான பழைய பழக்கம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் முதலில் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்). பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றதைக் கெபாசிட்டரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் 5 விநாடியில் 450 வோல்ட் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 10 விநாடி விடுங்கள். மீட்டரால் சரிபாருங்கள். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அளந்துபாருங்கள், ஏனென்றால் வடித்த கெபாசிட்டரிலும் கொஞ்சம் வோல்டேஜ் மீண்டும் ஊறிவரும்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மெயின் வயரில் வரிசையாக இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து வோல்டேஜை மெல்ல ஏற்றிக் கெபாசிட்டரை எழுப்பலாம் என்பார்கள். ரெக்டிஃபையரும் (ஏசியை டிசியாக்கும் பாகம்) வால்வாக இருந்தால் அது பலிக்காது: வோல்டேஜ் குறைவாக இருக்கும்வரை அதன் ஹீட்டர் சூடேறாது, கெபாசிட்டருக்கு ஒன்றும் போகாது, பாதிக்கு மேல் ஏற்றியதும் மொத்தமாகப் போய் விழும்.

ஃபில்டரைப் பெரிதாக்கினால் ஹம் (பின்னணி ரீங்காரம்) குறையும் என்று கண்டபடி ஏற்றுவதும் கூடாது. ரெக்டிஃபையர் வால்வை அடுத்த முதல் கெபாசிட்டருக்கு வரம்பு உண்டு: ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோஃபாரட், இஇசட்81-க்கு 50. மீறினால் வால்வு உள்ளே பொறி பறக்கும்.

இனி, அதிகம் பேர் பணத்தைக் கரைக்கும் இடம். ஆம்ப் 20 நிமிஷம் ஓடியதும் ஒரு அவுட்புட் வால்வின் பிளேட் சிவக்கிறது. வால்வு கெட்டது என்று புதுசு போடுகிறார்கள், அதுவும் சிவக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டர் (முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, டிசியைத் தடுப்பது). டைனாகோ எஸ்டி-70 என்ற ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டரின் ஒரு பக்கம் சில நூறு வோல்ட் பிளஸ், மறுபக்கம் கிரிட்டில் (வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) சுமார் 35 வோல்ட் மைனஸ், கிரிட் ரெசிஸ்டர் 270 கிலோ ஓம். பழைய காகிதக் கெபாசிட்டர் வெறும் 50 மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும், 270 கிலோ ஓமில் 13.5 வோல்ட் எழும். மைனஸ் 35 வோல்ட், மைனஸ் 21.5 ஆகிவிடும். வால்வு கட்டறுத்துக்கொண்டு ஓடும். மல்டிமீட்டரின் கெபாசிட்டர் சோதனை சில வோல்ட்டில் நடப்பதால் இதைப் பிடிக்காது. சந்தேகப்படும் வால்வை மட்டும் கழற்றி, ஆம்பை ஓடவிட்டு, கிரிட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் டிசி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதுதான் கசிவு. எல்லா வால்வையும் ஒருசேரக் கழற்றிச் சோதிக்காதீர்கள், சுமை இல்லாமல் பி-பிளஸ் எகிறும்.

1959-இல் வந்த அதே எஸ்டி-70-இல் பயாஸ் வோல்டேஜை (கிரிட்டுக்கு வரும் அந்த மைனஸ் வோல்டேஜ்) தருவது செலினியம் ரெக்டிஃபையர். அது தளர்ந்தால் நான்கு வால்வும் சேர்ந்து சிவக்கும். சிலிக்கான் டயோடு போட்டுவிடலாம். போட்டபின் பயாஸ் வோல்டேஜ் மாறும் என்பதால் வால்வை மாட்டும் முன் அளந்துகொள்ளுங்கள். 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் என்ற தொழிற்சாலைக் கணக்கு இரண்டு இஎல்34-க்குச் சேர்த்து 100 மில்லிஆம்பியர். இன்று சுவரில் வரும் வோல்டேஜ் அந்தக் காலத்தைவிடக் கூடுதலாக இருக்கும் இடங்களில் அது தாராளம். 1.25 வோல்ட்டுக்கு இறக்கினால் காதுக்கு அதிகம் தெரியாது, வால்வு பிழைக்கும்.

பழைய ஸ்டாக் வால்வு வாங்கும்போது பெயர் அச்சை நம்பாதீர்கள். அது யாரும் அடிக்கக்கூடிய மை. முல்லார்ட் கம்பெனியின் பிளாக்பர்ன் ஆலையில் செய்தவற்றில் கண்ணாடியில் பொறித்த குறியீட்டின் இரண்டாம் வரி 'பி' எழுத்தில் தொடங்கும். உச்சியில் வெள்ளிப்பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, சோதிக்கவே வேண்டாம். கண்ணாடிச் சுவரில் தெரியும் நீல ஒளி மட்டும் கோளாறில்லை.

ஒரே நாளில் எல்லாப் பாகத்தையும் மாற்றிவிட்டு சுவிட்சைப் போடுவது, தவறு எங்கே நுழைந்தது என்று தேட வழியில்லாமல் செய்துவிடும். ஒரு பகுதி, ஒரு சோதனை என்று போங்கள். ஸ்பீக்கரோ 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரோ இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டவே கூடாது; சுமையில்லா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் காப்பைத் துளைத்துவிடும். முதல் ஓட்டத்துக்கு ஓரமாகக் கிடக்கும் மலிவு ஸ்பீக்கரை மாட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வயர்களைக் கழற்றிப் போட்டிருந்தால் இது முக்கியம்: பிளேட் வயர் இரண்டும் மாறிவிட்டால் ஃபீட்பேக் (வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை உள்ளே திருப்பும் இணைப்பு) தலைகீழாகி ஆம்ப் ஊளையிடும், நல்ல ட்வீட்டர் சில விநாடியில் போய்விடும். ஊளை கேட்டதும் அணைத்து, கெபாசிட்டரை வடித்து, இரண்டு பிளேட் வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். அல்ட்ராலீனியர் சர்க்யூட் (வால்வின் ஸ்கிரீன் முனையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இணைவது) என்றால் ஸ்கிரீன் வயர்களையும் சேர்த்து.