ஏல வீடு: கை தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

வங்கி ஏலத்தில் வீட்டை "இருக்கிறபடியே" என்றுதான் விற்பார்கள். பழுதும் பாக்கியும் வாங்குபவர் தலையில் விழும். வில்லங்கம் பாருங்கள், வேறு அடமானம், வழக்கு உண்டா, வரி பாக்கி யார் பொறுப்பு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா? பெரிய சிக்கலே இதுதான். காலி செய்ய வைக்கும் செலவும் மாதங்களும் பெரும்பாலும் உங்களுடையவை.

வீட்டைப் பார்க்க விட்டால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கலாம். சுவிட்சுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் திருடர்கள் ஒயரை உருவிக்கொண்டு போயிருக்கலாம்.

கடன் ஒப்புதலை ஏலத்துக்கு முன்பே வாங்குங்கள். மீதித் தொகைக்கான கெடு தவறினால் முன்பணம் பறிபோகலாம். சந்தை விலையில் பழுதுச் செலவைக் கழித்து உச்சவரம்பை எழுதி வையுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் ஏற்றாதீர்கள்.