பாஞ்சோவுக்கு முன்னால் கேட்காத பாஸ்

வட கரோலினாவில் எங்கள் ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புறக் கம்பிவாத்திய இசை) குழுவுக்கு மைக், ஆம்ப் எதுவும் கிடையாது. தாழ்ந்த சுரங்களுக்கான என் அகூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) பாஸ் கிட்டார் மடியில் நன்றாகத்தான் அதிர்ந்தது, பத்தடி தள்ளி நின்றவருக்கோ கணீரென்று ஒலிக்கும் கம்பிவாத்தியமான பாஞ்சோ மட்டும்தான் கேட்டது. வெண்கலக் கம்பி மாற்றினேன், தடித்த பிக்கால் (கம்பியை மீட்டும் சில்லு) அடித்தேன், மூன்று வாரம் போனதுதான் மிச்சம். அடிக்கம்பியின் சுரம் 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்தது, அந்தச் சின்ன உடம்பு அதை எங்கே தள்ளும்? சரி என்று முக்கால் அளவு பிளைவுட் டபுள் பாஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்றது) ஒன்று பழையதாக வாங்கினேன். அதுவும் முனகியது! அப்புறம்தான் கவனித்தேன், முன்பு வாசித்தவர் ஜாஸுக்காகக் கம்பிகளை விரல்பலகையோடு ஒட்ட இறக்கி வைத்திருந்தார், பலமாக இழுக்க இடமில்லை. கம்பியைத் தளர்த்தி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் கால்களில் இருந்த சின்னச் சக்கரங்களைத் திருகி இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தினேன், நுனிவிரலை விட்டு விரலின் பக்கவாட்டால் இழுத்தேன். பாஞ்சோக்காரர் திரும்பிப் பார்த்தார்.