நோக்கங்கள் பக்கத்தை எழுதுவது எப்படி?
மருந்தியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆய்வில் எதைச் செய்யப் போகிறோம் என்று சுருக்கிச் சொல்லும் நோக்கங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே பக்கம்தான், எழுத்தளவு 11 புள்ளிக்குக் குறையக் கூடாது.

பேனாவை எடுக்குமுன் பத்து நிமிடம் கண்மூடி மூச்சைக் கவனியுங்கள். பதற்றத்தில் எழுதினால் தெரிந்ததையெல்லாம் திணித்துவிடுவோம்.

பிறகு ஒரே கேள்வி. 'மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை ஆராய்வேன்' என்பது கேள்வியே அல்ல. 'சிறுநீரகம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில் மெட்ஃபார்மின் எவ்வளவு நேரம் தங்குகிறது?' இதுதான் கேள்வி. எதை அளப்பது என்று உடனே தெரிகிறது.

இரண்டு, மூன்று நோக்கங்கள் போதும். முதலாவது தோற்றால் அடுத்ததும் சரியும்படி அமைக்காதீர்கள். நல்ல மாணவர்கள் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முடித்ததும் வேறு துறை நண்பரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் புருவம் சுருங்கும் வரியைப் பென்சிலால் கோடிட்டு, அன்றே திருத்துங்கள்.