சில்லறைக் காசு எங்கே, எதனால் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காசு தேய்வதற்குக் காரணம் கைதான் என்று பலரும் சொல்வார்கள். கைக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கால்வாசி வேலையைச் செய்வது பக்கத்துக் காசுதான். ஈரோடு, திருப்பூர் என்று நாள் முழுக்க ஓடும் பஸ்ஸில் கண்டக்டரின் தோல்பை குலுங்கக் குலுங்க, உள்ளே காசும் காசும் உரசி, மேடாக இருக்கிற இடம் முதலில் மழுங்கும். அதைப் பார்க்க ஒரு காந்தம், ஒரு லென்ஸ், செல்போன் டார்ச் போதும்.

முதலில் காந்தம். 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் டக்கென்று ஒட்டும், துருவும் சுலபத்தில் பிடிக்காது. பழைய தடி அஞ்சு ரூபாய் ஒட்டாது. அதில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். தேய்மானம் பார்க்க நான் எடுப்பது இதைத்தான். புதுசில் 9 கிராம். ஒரே காசை நிறுத்து முடிவு கட்டாதீர்கள், அடிக்கும்போதே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பத்துக் காசைச் சேர்த்துத் தெரிந்த நகைப் பட்டறைத் தராசில் வைத்து, 90 கிராமுக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். டார்ச்சை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. காசைத் தரையில் வைத்து, பக்கவாட்டில் தாழ்வாக அடித்து, காசை மெல்லத் திருப்புங்கள். சிங்கத்தின் மூக்கும் மார்பும் தட்டையாகி வழவழவென்று மின்னும், பிடரியின் பள்ளங்களில் மட்டும் கறுப்பாக அழுக்கு அடைந்திருக்கும். விளிம்பைச் சற்று உயர்த்தி அடிப்பதே உரசலை அது வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான், அதனால் ஓரத்து எழுத்துகள் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

மேடு பள்ளம் பார்க்காமல் முகம் முழுக்கப் பொத்துப் பொத்தலாக இருந்தால் அது உரசல் இல்லை, அரிப்பு. வியர்வை உப்பு, ஈரம், மண் எல்லாம் செய்கிற வேலை. கரூர் அமராவதி ஆற்றில் கிடைக்கிற பழங்காலச் செப்புக் காசுகளில் பலவற்றுக்கு இந்தப் பாடுதான்.

வருஷத்தை வைத்துத் தேய்மானத்தைக் கணக்குப் போடாதீர்கள். பத்து ரூபாய்க் காசையே பாருங்கள்: 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியும், நம்ம பக்கம் "இது வேண்டாமுங்க, நோட்டாக் குடுங்க" என்று திருப்பித் தருகிற கடைகள் இருந்தன. வீட்டு டப்பாவில் முடங்கிய காசு எப்படித் தேயும்?

ஒன்று மட்டும் வேண்டாம்: புளி போட்டுத் தேய்ப்பது. பளபளப்பு வரும், கூடவே மேல்தோலும் போய்விடும், எது தானாகத் தேய்ந்தது எது நீங்கள் தேய்த்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.