துருப்பிடித்த கார் பாகங்களுக்கு சிட்ரிக் அமிலக் குளியல்

பழைய பிராக்கெட், கிளாம்ப் போன்ற இரும்புப் பாகங்களில் துரு ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நல்ல உலோகத்தையும் குறைக்காதீர்கள். முதலில் கிரீஸ் பிசுக்கைச் சோப்புநீரில் கழுவுங்கள்; பிசுக்கு உள்ள இடத்தில் கரைசல் வேலையே செய்யாது. அப்புறம் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீரில், பிளாஸ்டிக் வாளியில் முழுக்க மூழ்கும்படி ஊற வையுங்கள். கையுறை அவசியம். அவ்வப்போது எடுத்து பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் அமிலம் இரும்பையே அரிக்கும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் மறுபடி துரு படரும்.

அலுமினியம், துத்தநாகப் பூச்சுள்ள பாகங்கள் இதில் வேண்டாம். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் வேண்டவே வேண்டாம்: அமிலத்தில் உருவாகும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பாரம் ஏறும்போது அவை திடீரென உடையக்கூடும்.