லேப்டாப் திரையில் ஜன்னல் தெரிகிறதா? கிளாஸி, மேட் குழப்பத்துக்கு ஒரு செய்முறை

என் மேசைக்கு நேர் பின்னால் ஒரு ஜன்னல். காலை பத்து மணிக்கு மேல் எக்செல் கட்டங்களுக்கு நடுவே ஜன்னல் கம்பிகளும், எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணிகளும் தெரியும். பிரைட்னஸை முழுக்க ஏற்றிப் பார்த்தேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுதான் மிச்சம். "பளபளப்பில்லாத மேட் திரை வாங்கியிருக்கணும்" என்றான் தம்பி. அவன் சொன்னது பாதிதான் சரி. மேசையைத் திருப்பிப் போட்டதிலேயே முக்கால்வாசித் தொல்லை போய்விட்டது. அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

படி 1: திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள்

எந்த நேரத்தில் கண் கூசுகிறதோ, அதே நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். கறுப்புத் திரையில் இப்போது எது தெரிகிறதோ, அதுதான் வேலை செய்யும்போதும் எழுத்துக்கு மேல் படிந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம் போனின் டார்ச்சை ஒரு அடி தூரத்திலிருந்து திரைமேல் அடியுங்கள். விளக்கு கூர்மையான புள்ளியாக, ஓரம் தெளிவாகத் தெரிந்தால் அது கிளாஸி, அதாவது பளபளப்பான திரை. மாவு கொட்டிய மாதிரி வெள்ளையாகப் பரவி, நடுவில் மட்டும் கொஞ்சம் பிரகாசமாக இருந்தால் மேட். புள்ளி கூர்மையாக இருந்தும் மங்கலாக, ஊதா அல்லது பச்சைச் சாயலில் தெரிந்தால், கிளாஸி கண்ணாடிமேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

மேட் திரை வெளிச்சத்தைக் குடித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்றில்லாத கிணற்றுத் தண்ணீரில் முகம் தெரிகிறது. காற்று அடித்து நீர் சிலிர்த்தால் முகம் உடைந்துபோகிறது. தண்ணீரில் விழும் வெளிச்சம் என்னவோ அதேதான். மேட் திரையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருப்பதால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, ஜன்னல் ஜன்னலாகத் தெரிவதில்லை. ஆன்டி-கிளேர் என்பது இந்தச் சிதறடிக்கும் வேலை. ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் என்பது வேறு: மெல்லிய பூச்சு ஒன்று, திரும்பி வரும் வெளிச்சத்தையே குறைத்துவிடும். கடையில் இரண்டையும் ஒரே பொருளில் சொல்வார்கள். டார்ச் பொய் சொல்லாது.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற படிகளுக்கெல்லாம் காரணம் இதில்தான் இருக்கிறது.

பூச்சில்லாத கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவும் 250 நிட் அளவில்தான் இருக்கும், அதுவும் பிரைட்னஸை முழுக்க ஏற்றினால். ஜன்னல் வழியே தெரியும் வெளிர்வானம் சுலபமாக 5000 நிட் இருக்கும். அதில் 4 சதவீதம் 200 நிட். திரையே 250தான் தருகிறது; ஜன்னல் 200ஐக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டுகிறது.

நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையும் கணக்கில் உண்டு. வீட்டுக்குள் 300 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தில் அது திரைமேல் ஏற்றுவது 3 நிட்தான், கவலை வேண்டாம். அதே சட்டையோடு உச்சி வெயிலில் உட்கார்ந்தால் 1000 நிட் ஆகிவிடும். மொட்டைமாடியில் லேப்டாப்பைத் திறந்தால் உங்கள் சட்டை மட்டுமே தெரிவது இதனால்தான். வெளியே வேலை பார்க்கிற நாளில் கருநீலமோ கறுப்போ போட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

படி 3: கைக்கண்ணாடியால் குற்றவாளியைப் பிடியுங்கள்

பொட்டு வைக்கப் பார்க்கும் சின்னக் கண்ணாடி போதும். அதைத் திரைமேல் மெதுவாக, தட்டையாக ஒட்டிப் பிடியுங்கள். உங்கள் இடத்திலிருந்து அதில் என்ன தெரிகிறது? டியூப் லைட்டா, ஜன்னலா, பின்சுவரில் மாட்டிய கண்ணாடி போட்ட படமா? மேல் மூலை, நடு, கீழ் மூலை என நகர்த்திப் பாருங்கள். என் வீட்டில் ஜன்னலை மட்டும் சந்தேகப்பட்டிருந்தேன். அலமாரிக் கதவின் கண்ணாடியும் கூட்டாளி என்று இப்படித்தான் தெரிந்தது.

பிடித்தபின் செய்ய வேண்டியது எளிது. ஜன்னல் முதுகுப் பக்கமும் வேண்டாம், முகத்துக்கு எதிரேயும் வேண்டாம், பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். எதிரே இருந்தால் திரையில் பிரதிபலிக்காது, ஆனால் பிரகாசமான வானத்துக்கு நடுவில் மங்கலான திரையைப் பார்த்துக் கண் களைத்துவிடும். தலைக்கு மேல் டியூப் லைட் இருந்தால் திரையை இரண்டு மூன்று டிகிரி முன்பக்கம் சாயுங்கள். மேசையை நகர்த்த இடமில்லாத அறையா? வெளிர்நிற மெல்லிய திரைச்சீலை ஒன்று போதும்.

படி 4: டார்க் மோடை அணையுங்கள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் டார்க் மோட் இரவில் நல்லதுதான். பகலில் கிளாஸி திரையில் அது கறுப்புக் கண்ணாடியாகிவிடும். வெள்ளைப் பின்னணி இருந்தால் 250 நிட்டுக்கு மேல் ஜன்னலின் 200 சேரும், உருவம் அவ்வளவாக எடுபடாது. கறுப்புப் பின்னணியில் அந்த 200க்குப் போட்டியே இல்லை. பகலுக்கு லைட் மோட், கொஞ்சம் பெரிய எழுத்து, அவ்வளவுதான்.

படி 5: மேட் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஒட்டலாம், கடைசி வழியாக. நல்ல ஃபிலிம் ஜன்னலின் உருவத்தை நிச்சயம் உடைக்கும். ஆனால் வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது சர்க்கரைத்தூள் மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். சிறிய எழுத்து கொஞ்சம் கூர்மை இழக்கும். மெலிதான லேப்டாப்களில் மூடிக்கும் கீபோர்டுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு, தடித்த ஃபிலிம் திரையை அழுத்தலாம். ஏற்கெனவே மேட் திரை என்றால் காசு வீண்.

படி 6: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

விவரக்குறிப்பில் கிளாஸி என்று நேராக எழுத மாட்டார்கள். எச்பியில் பிரைட்வியூ, டெல்லில் ட்ரூலைஃப், ஏசரில் சினிகிரிஸ்டல் என்று பார்த்தால் அவை கிளாஸி. ஏசரின் கம்ஃபிவியூ மேட். டச் ஸ்க்ரீன், ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) இரண்டும் பெரும்பாலும் கிளாஸியாகத்தான் வரும். ஆப்பிளின் மேக்புக்குகளும் அப்படியே. 2024 அக்டோபரில் அறிவித்த எம்4 மேக்புக் புரோவில் கூடுதல் பணம் கட்டினால் நானோ-டெக்ஸ்சர் என்ற மேட் வகை கிடைத்தது.

மேட் என்று தெரிந்தால் மட்டும் போதாது, நிட் எத்தனை என்று கேளுங்கள். 220 நிட் மேட் திரையைவிட, பூச்சுள்ள 500 நிட் கிளாஸி பகலில் நன்றாகப் படிக்க வரும். வெயில் நேராகத் திரைமேலேயே விழுந்தால் மேட்டின் பாடு இன்னும் மோசம்: சிதறிய வெளிச்சம் முழுத் திரையையும் சாம்பல் பூசிவிடும், எந்தப் பக்கம் சாய்த்தாலும் தப்ப முடியாது. கிளாஸியில் கொஞ்சம் சாய்த்தால் சூரியன் விலகிப்போகும்.

என் தேர்வைக் கேட்டால்: நாள் முழுக்க எழுத்தும் கணக்கும் பார்க்கிறவர்களுக்கு, டியூப் லைட் வரிசையாக எரியும் அலுவலகத்தில், 300 நிட்டுக்குக் குறையாத மேட். போட்டோ, வீடியோ வேலையோ, ராத்திரி படம் பார்ப்பதோதான் முக்கியம் என்றால் கிளாஸி. கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நிறம் எடுப்பாக நிற்கும்.

கடையில் டெமோ வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், அதில் எல்லாத் திரையும் அழகுதான். வீடியோவை நிறுத்தச் சொல்லி ஒரு வெள்ளைப் பக்கத்தையும் ஒரு கறுப்புப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். டார்ச்சையும் அடித்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

துடைப்பது

கிளாஸியில் விரல்ரேகை உடனே தெரியும். மேட்டில் தெரியாமல் எண்ணெயாகப் படியும், டார்ச் அடித்தால்தான் அகப்படும். இரண்டுக்கும் மைக்ரோஃபைபர் துணி, அதில் சில துளி சுத்தமான தண்ணீர். தண்ணீரைத் திரைமேல் நேராகத் தெளிக்காதீர்கள், கீழ் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டவே வேண்டாம். மேட் திரையில் ஒரே இடத்தை அழுத்தித் தேய்த்தால் அந்த மேடு பள்ளம் தேய்ந்து, அங்கே மட்டும் காசளவுக்குப் பளபளவென்று ஒரு வட்டம் விழும். அப்புறம் எந்தத் துணியாலும் அது போகாது.